நாகவல்லியின் மணிக்கட்டு

"மொதலாளி, நாகவல்லி இன்னிக்கும் வரலையாம்."

மேனேஜர் ஹரிகிருஷ்ணன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான். காசிவிஸ்வநாதன் மாவுச் சட்டிக்குள் கையை விட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"இன்னிக்கு என்னவாம்?"

"மணிக்கட்டாம்."

"போன வாரம் காய்ச்சல். அதுக்கு முந்தின வாரம் இடுப்பு. அதுக்கும் முந்தி வயித்தைப் பெரட்டுதுன்னா. ஒடம்புல இன்னும் எத்தனை எடம்ப்பா பாக்கி இருக்கு?"

"முழங்கால் இருக்கு மொதலாளி" என்றான் ஹரிகிருஷ்ணன், யோசித்து. அவனிடம் எதையும் கேள்வியாகக் கேட்டுவிடக் கூடாது.

காரைக்குடியில் கல்லல் ரோட்டில் 'மெய்யம்மை பலகாரம்' என்று பலகை தொங்கும் கூடத்தில், முதலாளியைச் சேர்க்காமல் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். தேன்குழலுக்கு மெஷின் வந்துவிட்டது. சீப்புச் சீடைக்கு அச்சு இருக்கிறது. கை முறுக்குக்கு மட்டும் கைதான் வேண்டும். அந்தக் கை நாகவல்லியின் வலது கை. மாவை விரல் நுனியில் திருகித் திருகி ஏழு சுற்றுச் சுற்றித் துணியில் வைத்தாளென்றால், முதல் முறுக்குக்கும் நூறாவது முறுக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்கள் சுற்றினால் மூன்றாவது முறுக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

காசிவிஸ்வநாதனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. அவர் கடை முறுக்கு சிங்கப்பூர் போகிறது, அமெரிக்கா போகிறது. ஆனால் சொந்தப் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் சீர்த்தட்டில் ஏறியதில்லை. சீர்ப் பலகாரம் என்றால் வீட்டில் அடுப்பு மூட்டி வீட்டிலேயே செய்ய வேண்டும். வெளியே வாங்கினால் அதற்குப் பெயர் 'கடைச் சரக்கு'. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு நெஞ்செரிச்சல் வரும். பன்னிரண்டு வருடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் பள்ளத்தூர்ப் பங்காளி நாராயண் இறங்கி வந்திருந்தார். ஆவணியில் அவர் மகள் கல்யாணம்.

"சரிடா காசி, சீர் முறுக்கு ஒன் கடையிலயே எடுத்துக்கிறேன். சபையில மானத்த வாங்கிப்புடாத" என்றார் நாராயண்.

நாராயணின் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காசிவிஸ்வநாதனின் மனைவி தேனம்மைதான் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் சமாதானம் பேசினாள். வெளியே வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெண்டாட்டி என்றால் இப்படி அமைய வேண்டும் என்று காசிவிஸ்வநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த நேரத்தில் பார்த்தா அந்த மணிக்கட்டு வீங்க வேண்டும்?

"நேர்லயே போயிப் பாத்துட்டு வந்துர்றேன். நெசமா வீங்கியிருக்கா, இல்ல நாடகமான்னு தெரிஞ்சுரும்" என்று வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டினார்.

"இப்பவா போறீக? பகல்ல தூங்கிக்கிட்டிருப்பா, பாவம். பொழுது சாய்ஞ்சு போங்க" என்றாள் தேனம்மை.

"தூங்குனா எழுப்புறேன்."

"அப்ப வெறுங்கையோடயா போவீக? சீக்காளியப் பாக்கப் போறது."

அதுவும் நியாயம்தான். ஒருத்தி பொய் சொல்கிறாளா என்று துப்பறியப் போனாலும் இந்த ஊரில் வெறுங்கையோடு போக முடியாது. ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், அரை டஜன் ஆரஞ்சு, ஒரு சீப்பு மலைப்பழம் சகிதம் நாகவல்லி வீட்டுக்குப் போய் இறங்கினார். கதவு பூட்டியிருந்தது.

"ஆசுபத்திரிக்குப் போயிருக்கா. கைய அசைக்கவே முடியலைன்னா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கொண்டுவந்த பையைத் திருப்பிக் கொண்டுபோனால் மரியாதையில்லை. கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் பொட்டலம் கட்டும் ஹேமாவதிக்குத் தலைவலி. அடுப்படி சொக்குவுக்கு முதுகு. இரண்டு பேருமே விடுப்புச் சொல்லிவிட்டு, முதலாளி எத்தனை மணிக்கு வருவார் என்று ஹரிகிருஷ்ணனிடம் விசாரித்திருந்தார்கள். சொக்கு மட்டும், ஹார்லிக்ஸ் தனக்கு ஒத்துக்காது, பூஸ்ட் என்றால் நல்லது என்று சொல்லி வைத்திருந்தான்.

காசிவிஸ்வநாதன் பெங்களூரில் இருக்கும் மகள் சுபாவுக்குப் போன் போட்டார். அவள் ஒரு பெரிய கம்பெனியில் மனிதர்களைச் சேர்ப்பதும் அனுப்புவதுமான வேலையில் இருந்தாள்.

"அப்பச்சி, மொதல்ல வீடு வீடாப் போறத நிறுத்துங்க. அதெல்லாம் தப்பு. தொழில் நல மருத்துவர்னு இருக்காக. வேலை செய்றவுகளுக்கு என்ன செஞ்சா வேலைக்கு வர முடியும்னு பாத்துச் சொல்லுவாக. அவுகளுக்கு ஒரு ரெஃபரல், அதான் இந்த ஆளப் பாருங்கன்னு ஒரு கடுதாசி, எழுதி அனுப்புங்க. நாகவல்லியக்காட்ட சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்குங்க. நான் ஃபாரம் அனுப்புறேன்."

"நம்ம ஒன்பது பேருக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"சின்ன எடத்துக்குத்தான் அப்பச்சி ரொம்ப முக்கியம். ஒரு ஆள் படுத்தா உங்களுக்கு ஒன்பதுல ஒண்ணு போச்சு."

ஒன்பதில் ஒன்று அல்ல, சீர்த்தட்டே போச்சு என்பது அவருக்கல்லவா தெரியும். கல்லூரிச் சாலையில் டாக்டர் விக்னேஸ்வரன் என்று ஒருவர் இருந்தார். கோயம்புத்தூரில் ஏதோ ஆலையில் முப்பது வருடம் தொழிலாளர்களைப் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் பெயருக்கு ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தார்கள்.

"மருத்துவரிடம் நீங்கள் கேட்க விரும்பும் குறிப்பான கேள்வி என்ன?" என்று ஹரிகிருஷ்ணன் வாசித்தான்.

"பொய்யா நெசமான்னு எழுது."

"அப்படியேவா மொதலாளி?"

"வேணாம், சங்கடப்படுவாக. குடு, நானே எழுதுறேன்."

மூன்று தலைமுறையாகக் கடிதம் எழுதிய வம்சம். மேலே பிள்ளையார் சுழி போட்டார். சிவமயம் என்று எழுதினார். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று ஆரம்பித்து, நாகவல்லி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, தாங்கள் பெரிய மனது பண்ணி நல்லபடியாகக் கவனித்துக்கொள்ள வேண்டியது என்று முடித்தார். துப்பறியும் கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. கெட்ட வார்த்தையைக் கடிதத்தில் எழுத அவருக்குக் கை வரவில்லை.

நாகவல்லியிடம் சம்மதம் கேட்டபோது அவள் துளிகூடத் தயங்கவில்லை.

"பாக்கட்டுமே மொதலாளி. வலி நெசந்தானே, எனக்கென்ன பயம்?"

அந்தத் தைரியம்தான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

நாகவல்லியைப் பார்த்து அனுப்பிவிட்டு டாக்டர் விக்னேஸ்வரன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"யாவரும் க்ஷேமம்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு அனுப்பினீங்க?"

"அது வழக்கமா எழுதுறதுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முறுக்குச் சுத்தச் சொல்றீங்க?"

"மிஞ்சிப்போனா நாலு மணி நேரங்க. நடுவுல டீ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் முப்பது வருஷமா தொழிலாளிங்க கையப் பார்த்தவன். இது நாலு மணி நேரம் வேலை செஞ்ச கை இல்லை. ரெண்டு ஆள் வேலையை ஒரே கை செஞ்சிருக்கு. முதலாளிங்க எங்கிட்ட உண்மைய மறைச்சா எப்படிங்க?"

காசிவிஸ்வநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் யாரையும் வதைத்தவரில்லை. கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக, சாந்தமாக இருக்கும் மனிதர். ஒரு பெண்ணின் கையை ஒடித்த பாவி என்று யாரும் அவரைப் பார்த்ததில்லை. வெளியே வரும்போது நர்ஸ்கூட முறைத்ததாகத் தோன்றியது.

அறிக்கை வந்தது. ஆறு வாரத்துக்கு முறுக்குச் சுற்றக் கூடாது. இலகுவான வேலை தர வேண்டும். ஆவணி பிறந்ததும் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

"ஆவணி எட்டுல கல்யாணம். ஒரு வாரம் கெடைக்கும், போதும். இப்ப எலகுவான வேலைன்னா என்னத்தக் குடுக்குறது?" என்று கேட்டார்.

"என் வேலையக் குடுக்கலாம் மொதலாளி" என்றான் ஹரிகிருஷ்ணன் உண்மையாக.

போனில் ஆர்டர் எடுக்கும் நாற்காலியில் நாகவல்லியை உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அதிரசமா? இன்னிக்கு வேணாம்க்கா, பாகு முத்திப்போச்சு. மணகோலமா? நேத்துப் போட்டது. நாளன்னிக்கு வாங்குங்க, புதுசாப் போடுவோம். கை முறுக்கு எதுக்குக் கேக்குறீக? இப்பச் சுத்துறவுக கை சரியில்ல."

இரண்டு நாளில் ஆர்டர் பாதியானது. போனைப் பிடுங்கி, வாசலில் வரும் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையில் போட்டார்.

அதற்குள் டாக்டரின் புகழ் கூடத்துக்குள் பரவிவிட்டது. போனால் மரியாதையாக உட்கார வைத்துக் கேட்கிறார், எங்கே வலிக்கிறது என்கிறார், முதலாளியைத் திட்டுகிறார். எல்லோரும் வரிசையாக ரெஃபரல் கேட்டார்கள். ஒருத்திக்குக் கொடுத்து மற்றவர்களுக்கு மறுப்பது தர்மமில்லை என்று சுபாவும் சொன்னாள்.

சொக்கு முக்கால் மணிக்கொரு தரம் அடுப்பை விட்டுப் பத்து நிமிடம் காற்றாட நிற்க வேண்டும் என்று எழுதி வந்தது. அவன் காற்றாடும் நேரத்தில் எண்ணெய் காய்ந்து கருகியது. அடுப்பை அணைத்துவிட்டுப் போகச் சொன்னால் ஆறிப்போய் முறுக்கு எண்ணெயைக் குடித்தது. ஹேமாவதி நின்றுகொண்டு பொட்டலம் கட்டக் கூடாது. நாற்காலி வாங்கினார். நாற்காலிக்கு மேசை உயரம். மேசைக்குக் காலை வெட்டினார். வெட்டிய மேசையில் குனிந்து ஹேமாவதிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஹரிகிருஷ்ணன் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டரை விட்டுத் தூரத்தில் பார்க்க வேண்டும். அவன் ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தான். பள்ளத்தூர் பஸ் போகிற வரைக்கும் பார்த்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. ஆடி பிறந்ததிலிருந்து நாகவல்லி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை, இடுப்பு இல்லை. எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கு வந்து நின்றாள். வீக்கமும் வற்றிவிட்டது.

"சுபா! ஒரு மாசமா ஒரு லீவு இல்லம்மா! அந்த டாக்டர் மனுசனில்ல, தெய்வம்" என்று போனில் கூவினார்.

"நான்தான் சொன்னேனே அப்பச்சி. சிஸ்டம்னா சிஸ்டந்தான்."

வியாபாரிகள் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, சிறு தொழில்களில் ஊழியர் நலம் என்று கால் மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். டாக்டர் விக்னேஸ்வரனுக்கு ஒரு டின் சீப்புச் சீடை அனுப்பினார். டாக்டர், தனக்குச் சர்க்கரை இருப்பதாகவும் ஆனால் சீடை உப்புத்தான் என்பதால் ஏற்பதாகவும் பதில் எழுதினார்.

ஆவணி ஒன்றாம் தேதி நாகவல்லி மறுபடி மாவில் கை வைத்தாள். ஏழு சுற்றும் தப்பாமல் விழுந்தது. காசிவிஸ்வநாதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆவணி ஐந்தாம் தேதி காலையில் ஹரிகிருஷ்ணன் வந்து நின்றான்.

"முழங்காலா?" என்றார் காசிவிஸ்வநாதன்.

"காய்ச்சலாம் மொதலாளி. எட்டாந்தேதி கழிச்சுத்தான் வர முடியுமாம்."

கல்யாணமே எட்டாம் தேதிதான். முறுக்கு ஏழாம் தேதி சாயங்காலம் போயாக வேண்டும். ஆயிரத்தொரு முறுக்கு. அவர் செருப்பைக்கூட மாட்டாமல் காரை எடுத்துக்கொண்டு கல்லூரிச் சாலைக்குப் பறந்தார்.

"டாக்டர், அந்தப் பிள்ளைய வந்து ஒரு தடவை பாருங்க. கார் கொண்டாந்திருக்கேன்."

"காய்ச்சலுக்கு நான் எதுக்குங்க? ஓய்வெடுக்கட்டும். வேணும்னா புது ரெஃபரல் எழுதுங்க, அவங்க சம்மதம் வாங்குங்க. வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்."

"வெள்ளிக்கிழமை கல்யாணமே முடிஞ்சிருங்க!"

"நோயாளி கல்யாணத்துக்குப் போகணுமா?"

திரும்பி வந்து கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்தார். யார் யாரால் முறுக்குச் சுற்ற முடியும் என்று கேட்டார். ஒன்பது பேரில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் ஆளுக்கொரு அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் குனியக் கூடாது, ஒருவர் தரையில் உட்காரக் கூடாது, ஒருவர் விரலுக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் கீழே முதலாளி கையெழுத்து இருந்தது.

காசிவிஸ்வநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

முதல் முறுக்கு ஒன்றரைச் சுற்றில் அறுந்தது. இரண்டாவது நாலு சுற்று வந்து, பிறகு என்ன நினைத்ததோ, விரிந்து படுத்துக்கொண்டது. மூன்று நாள் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இடுப்பு, கழுத்து, முழங்கால் என்று நாகவல்லி சொன்ன வியாதி சொல்லாத வியாதி எல்லாமே வந்தது. மணிக்கட்டு வாழைப்பூ மாதிரி வீங்கியது. வலி தாங்காமல் ஒரு தடவை ஹரிகிருஷ்ணனிடம், தனக்கு யார் ரெஃபரல் எழுதிக் கொடுப்பார்கள் என்று கேட்டார். அவனும் யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு முதலாளி வேண்டும் என்றான்.

ஏழாம் தேதி மதியம் தேனம்மை காபி கொண்டுவந்தாள். துணியில் பரப்பியிருந்த முறுக்குகளைப் பார்த்தாள். சேவலாகவும் நண்டாகவும் சில கிடந்தன. முறுக்காகச் சில கிடந்தன.

"நாராயண் மூஞ்சில எப்படி முழிப்பேன் தேனு? பன்னெண்டு வருசம் கெஞ்சுனேனே. இனி நம்ம சாதியில ஒருத்தன் என் கடையில கால் வைப்பானா?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சும்மா இருங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும். நீங்க டின்னை மட்டும் நல்லா இறுக்கிக் கட்டி அனுப்புங்க. யாரும் தொறந்து பாக்காத மாதிரி."

தன் மானத்தை இவ்வளவு பதமாகக் காக்கத் தெரிந்த மனைவி என்று நினைத்து, அவர் டின்களைக் கயிறு போட்டு இரண்டு முடிச்சு போட்டுக் கட்டினார்.

மறுநாள் பள்ளத்தூர்ப் பெரிய வீட்டில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. காசிவிஸ்வநாதன் தூணுக்குத் தூண் ஒளிந்து நடந்தார். தேனம்மை பெண்களோடு கலந்துவிட்டாள். நாராயண் எப்படியோ கண்டுபிடித்து ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று காசிவிஸ்வநாதன் கண்ணை மூடிக்கொண்டார். நாராயண் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"காசி! சம்பந்தி வீட்டாளுக வாயடச்சுப் போயிட்டாகடா! இது கடை முறுக்குன்னா நம்ப மாட்டேங்கிறாக!"

"நக்கல் பண்றியா நாராயண்?"

"அட, அங்குட்டுப் போயித் தட்டப் பாருடா!"

போய்ப் பார்த்தார். வெள்ளித் தட்டு முழுக்கக் கை முறுக்கு. ஒவ்வொன்றும் ஏழு சுற்று. சேவலும் இல்லை, நண்டும் இல்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்தக் கையை அவருக்குத் தெரியாதா?

வீட்டின் இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனார். அடுப்படிச் சுவரோரம் அவருடைய டின்கள் கயிறுகூட அவிழாமல் அடுக்கியிருந்தன. அதற்கு அங்குட்டு, வளையலை முழங்கை வரைக்கும் தள்ளிவிட்டுக்கொண்டு, காய்ச்சலில் கிடக்க வேண்டிய நாகவல்லி, மறுவீட்டுக்கு வேண்டிய முறுக்கை முதுகு நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கத்த வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். கல்யாண வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது. மூச்சு வாங்கிக்கொண்டு கதவைப் பிடித்து நின்றார். சமையலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த நீலாயதாட்சி என்ற தேவகோட்டை அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"காபி வேணுங்களாய்யா?"

"இல்ல... இந்தப் பிள்ளை..."

"முறுக்குச் சுத்துறதா? காலையில இருந்து எல்லாரும் இதைத்தான் கேக்குறீக. உங்க வீட்லயும் விசேசங்களா?"

"ஆமா" என்றார் காசிவிஸ்வநாதன். "காரைக்குடியில ஏதோ கடையில வேலை பாக்குதுன்னாக. அங்கிட்டுப் போயிக் கேக்கணுமா?"

நீலாயதாட்சி பக்கத்தில் வந்து, பெரிய உபகாரம் செய்கிறவளைப் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"கடைக்குப் போனா கத ஆகாதுங்கய்யா, அந்த மொதலாளி விடமாட்டாராம். அவர் வீட்டு ஆச்சி, தேனம்மை ஆச்சின்னு பேரு, அவுககிட்ட முகூர்த்தத் தேதிய மட்டும் சொல்லிருங்க. அன்னிக்குக் காய்ச்சலா, இடுப்பா, மணிக்கட்டான்னு அவுகளே முடிவு பண்ணி அனுப்பி வச்சிருவாக."